பேஸ்மென்ட் இரண்டில் டவர்: ஒரு டிஜிட்டல் டாஸ் வேலைக் குறிப்பு

கோவையில் அந்த மருத்துவமனைக்கு முதல் நாள் போனபோது, பேஸ்மென்டுக்கு இறங்கும் சரிவுப்பாதையின் வாயிலேயே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி எடுக்க வந்தவர்கள் இல்லை. எல்லார் காதிலும் போன். கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஆளை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிற சொந்தக்காரர்கள் அவர்கள். இரண்டாம் பேஸ்மென்டில் காத்திருப்புக் கூடம் நன்றாகத்தான் இருந்தது. நாற்காலி, ஃபேன், குடிதண்ணீர் எல்லாம் உண்டு. டவர் மட்டும் கிடையாது. ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் தெரியாது, ரத்தம் கொடுக்க வருகிறவருக்கு வழி சொல்ல முடியாது. அதனால் ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் மேலே வெயிலில் நிற்பார். கீழே டவர் கொண்டுவரத்தான் எங்களை அழைத்திருந்தார்கள். கட்டடத்துக்குள் பல இடங்களில் சின்ன ஆன்டெனாக்களைப் பரப்பி வைக்கும் இந்த அமைப்புக்குத்தான் டாஸ் (DAS) என்று பெயர்.

கீழே இருந்த காவலாளி ஐயாவிடம் கேட்டேன். "இங்க டவர் கெடைக்காதுங்க. அந்த மூணாவது தூணை ஒட்டி நின்னீங்கன்னா ஒரு புள்ளி வரும், திரும்பி நின்னா போயிரும்" என்றார். டெஸ்ட் போனை எடுத்துப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் மைனஸ் 112 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் குறைவு). இரண்டடி தள்ளினால் மைனஸ் 121, அதற்கப்புறம் 'அவசர அழைப்புகள் மட்டும்'. நிமிர்ந்து பார்த்தால் தூணுக்கு நேர் மேலே காற்றோட்டத்துக்கான குழாய்வழி ஒன்று தரைமட்டம் வரை போகிறது. வெளியே இருக்கும் டவரின் அலை அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. நடந்துகொண்டே சிக்னலை அளந்து வரைந்த எங்கள் வாக் டெஸ்ட் வரைபடத்தில் இரண்டாம் பேஸ்மென்ட் முழுக்கச் சிவப்பு. அந்தத் தூணருகே மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு.

காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. மேலே மண், நடுவே இரண்டு கான்கிரீட் தளம். தரைத்தளத்தின் முகப்புக் கண்ணாடி வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு பூசியது. அது சூரியனின் சூட்டை மட்டும் அல்ல, ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். போதாததற்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் லினாக் எந்திரம் இருக்கும் அறையின் சுவர். கதிர் நேராகப் படும் பக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கனம். அதைத் தாண்டி எந்த செல்போன் அலையும் வராது.

முதல் கூட்டத்திலேயே நிர்வாகத்தில் ஒருவர், சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் பூஸ்டர் கிடைக்கிறதே, அதில் நாலு வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பலரும் கேட்பது. ஆனால் இந்தியாவில் உரிமம் இல்லாதவர் இந்த மாதிரி பூஸ்டர், அதாவது ரிப்பீட்டர், வைப்பது சட்டப்படி குற்றம். அதில் அர்த்தமும் இருக்கிறது. அந்தப் பெட்டி உள்ளே வரும் சிக்னலை மட்டும் பெருக்குவதில்லை. தன் இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கி அனுப்புகிறது. உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் ஒன்றை ஒன்று கேட்க ஆரம்பித்துவிட்டால், மைக்கும் ஸ்பீக்கரும் பக்கத்தில் இருந்தால் வரும் ஊளை போல ரேடியோவிலும் ஊளை எழும். அந்தத் தெருவில் யாருக்கும் அழைப்பு போகாது. ஆகவே மருத்துவமனையே செல்போன் ஆபரேட்டர்களுக்கு எழுதியது. இருவர் தங்கள் சொந்த ரேடியோவைக் கொண்டுவந்து வைக்க ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் பிறகு வருவதாகச் சொன்னார். அந்த 'பிறகு' தான் எங்கள் வடிவமைப்பைத் தீர்மானித்தது.

பழைய முறை, அதாவது பாசிவ் டாஸ், எனக்குப் பிடித்தமானதுதான். தடிமனான அரை அங்குல ஃபீடர் கேபிள், சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர், கப்ளர், கூரையில் தட்டு மாதிரி ஆன்டெனா. கரண்ட் வேண்டாம், பத்து வருஷம் கிடக்கும். ஆனால் அந்தக் கேபிளில் 100 மீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 7 டிபி (டெசிபல், 3 டிபி போனால் பலம் பாதி) போகும், 2300-இல் சுமார் 12, 5ஜி ஓடும் 3300-க்கு மேலே போனால் 15-ஐ நெருங்கும். கிளம்பும் இடத்தில் சமமாக இருந்த மூன்று பேண்டும், அதாவது அலைவரிசையும், கடைசி ஆன்டெனாவுக்கு வரும்போது ஒன்று கொழுத்து, ஒன்று மெலிந்து நிற்கும். 16 ஆன்டெனாவுக்குப் பிரித்தால் பிரிப்பதிலேயே 12 டிபி. நாளைக்கு மூன்றாவது ஆபரேட்டர் வந்தால் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி டக்டும் மருத்துவ வாயுக் குழாயும் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு கிடந்தன. அவ்வளவு தடித்த கேபிளை வளைத்துத் திருப்ப அங்கே இடமே இல்லை.

சரி, டிஜிட்டல் டாஸ் என்று முடிவு செய்தோம். மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே ஆபரேட்டரின் ரேடியோவிலிருந்து வரும் சிக்னலை ஹெட்-எண்ட் என்ற தலைமைப் பெட்டி வாங்கி எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் சிங்கிள் மோட் ஃபைபரில் இரண்டு பேஸ்மென்டுக்கும் இறங்குகின்றன. ஒவ்வொரு பேஸ்மென்டிலும் அவற்றைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஹப். ஹப்பிலிருந்து ரிமோட் எனப்படும் ஒவ்வொரு சின்ன ரேடியோப் பெட்டிக்கும் ஒரே ஒரு கேட் 6ஏ நெட்வொர்க் கேபிள், அதிலேயே மின்சாரமும். ரிமோட் எண்களைத் திரும்ப ரேடியோவாக்கிக் கூரையிலிருந்து ஒலிபரப்புகிறது. வழியில் 20 மீட்டர் ஆனாலும் 90 மீட்டர் ஆனாலும் எண் தேயாது. எல்லா ரிமோட்டும் ஒரே பலத்தில் பேசும்.

எவ்வளவு எண் என்று கேட்டால் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி கேரியர் ஒன்றை ஒரு நொடிக்கு 3 கோடியே 7 லட்சத்து 20 ஆயிரம் முறை அளவெடுக்கிறார்கள். ஒவ்வொரு அளவிலும் இரண்டு பாகம், பாகத்துக்கு 15 பிட். கட்டுப்பாட்டுத் தகவலும் குறியீட்டுச் செலவும் சேர்ந்து நொடிக்கு 1.2288 கிகாபிட். ஒரே நேரத்தில் பல ஆன்டெனாவில் அனுப்பும் மைமோவுக்கு இரண்டு பாதை என்றால் 2.4576. சிபிஆர்ஐ என்கிற இணைப்பில் இந்த எண்கள் அப்படியே வரும். ஒரு போன் கூடப் பேசாவிட்டாலும் இந்த வெள்ளம் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் நாம் பேச்சை அனுப்பவில்லை, அலையின் வடிவத்தையே அனுப்புகிறோம். 5ஜியின் 100 மெகாஹெர்ட்ஸையும் மற்ற பேண்டுகளோடு சேர்த்து இப்படியே அனுப்பினால் கேட் 6ஏ கேபிள் தாங்காது. அதனால் டாஸ் தயாரிப்பாளர்கள் எண்களைச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

மொத்தம் 16 ரிமோட். முதல் பேஸ்மென்டில் 6, இரண்டாவதில் 5, தரைத்தளத்தின் உள் பகுதியில் 3, லிஃப்ட் முகப்புகளில் 2. எம்ஆர்ஐ அறையைத் தொடவே இல்லை. அது வேண்டுமென்றே ரேடியோ அலை புகாமல் செம்புக் கூண்டுக்குள் கட்டப்பட்டது. உள்ளே போன் போகவும் கூடாது. லினாக் அறைச் சுவரிலும் ஓட்டை போடவில்லை. அந்தச் சுவரின் வடிவம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒப்புதல் தந்த ஒன்று, கேபிளுக்காக ஒரு அங்குலம் துளைப்பதும் விளையாட்டல்ல. சுற்றிக்கொண்டு போனோம், 34 மீட்டர் கேபிள் கூடுதலானது.

பகலில் நோயாளிகள் இருப்பதால் இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலை. பெரும்பாலும் சலிப்பான வேலை. சீலிங் தட்டைக் கழற்று, கேபிளை இழு, தீத்தடுப்புப் பூச்சால் துளையை அடை, தட்டை மாட்டு, தரையைத் துடை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஃபைபரில் மட்டும் ஒரு இடம்.

இரண்டாம் பேஸ்மென்ட் ஹப்பில் ஒளி குறைவு என்று அலாரம் வந்தது. மாடியிலிருந்து அங்கே 140 மீட்டர் கூட இல்லை. ஒரு டிபிக்கு மேல் இழக்கக் காரணமே இல்லை. வழக்கம்போல் கனெக்டரில் தூசி என்று நினைத்து, ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். நடுவில் இருக்கும் கோர் கண்மணி மாதிரி கறுத்து, சுற்றிலும் சுத்தமாக இருந்தது. ஆனாலும் ஒருமுறை துடைத்தேன். அலாரம் போகவில்லை. அப்புறம் பவர் மீட்டரில் இரண்டு அலைநீளத்திலும் அளந்தோம். 1310 நானோமீட்டரில் 0.9 டிபி. 1550-இல் 4.6. அந்த இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. ஃபைபரை ஒட்டவைத்த இடம், அதாவது ஸ்ப்ளைஸ், கெட்டிருந்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இழப்பு வரும். 1550-இல் மட்டும் எகிறினால் ஃபைபர் எங்கேயோ மடங்கியிருக்கிறது, ஏனென்றால் நீளமான அலை வளைவில் சீக்கிரம் வெளியே வழிந்துவிடும். எங்கள் ஹப்பின் திரும்பும் பாதை 1550-இல் ஓடுவதால் அதுதான் முதலில் கத்தியிருக்கிறது. டிரேயை ஒட்டிக் கையால் தடவிக்கொண்டே போனோம். லிஃப்ட் குழியின் மூலையில் யாரோ வேறு கேபிளைக் கட்டும்போது நம் ஃபைபரையும் சேர்த்து டையில் இறுக்கியிருந்தார்கள். சுண்டுவிரல் அளவுக்குத்தான் வளைவு. டையை வெட்டி, அகலமான வட்டமாகத் தளர்த்திவிட்டதும் 1550 நேராக 0.8-க்கு இறங்கியது.

எல்லாம் மாட்டி ஒளிரவிட்ட நாள் சந்தோஷமாக இருந்தது. வாக் டெஸ்ட் வரைபடம் பச்சையாகிவிட்டது. கூடத்தில் மைனஸ் 85, 90. காவலாளி ஐயா தன் போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் சிக்கல் அதில்தான் இருக்கிறது. ரிமோட் ஒரு பேண்டுக்குத் தருவது 24 டிபிஎம், அதாவது கால் வாட். போன் திரையில் தெரியும் மைனஸ் 85 அந்தக் கால் வாட்டோடு ஒப்பிட வேண்டியது இல்லை. 20 மெகாஹெர்ட்ஸில் 1200 துணைக் கேரியர்கள், அதாவது மெல்லிய அலை இழைகள். போன் அளப்பது அதில் ஒன்றின் பலத்தை. அதனால் 1200-ஆல் வகுப்பதற்குச் சமமாக 24-இலிருந்து 30.8 கழிக்க வேண்டும், மைனஸ் 6.8 டிபிஎம். மாடியறையில் இருக்கும் ஆபரேட்டரின் ரேடியோவோ (இங்கே நமக்கு டவர் அதுதான்) 40 வாட், 46 டிபிஎம். அதே கழித்தலில் 15.2. போனுக்கு டவர் அறிவிப்பது இந்த 15.2-ஐத்தான். நிஜத்தில் கூரையிலிருந்து வருவது மைனஸ் 6.8. இடையில் 22 டிபி வித்தியாசம். இறங்கும் பாதையில் 22 டிபி குறைத்திருக்கிறோம் என்றால், போனிலிருந்து டவருக்கு ஏறும் பாதையிலும் அதே 22 டிபி குறைய வேண்டும். அப்போதுதான் இரு பக்கமும் ஒரே தூரத்தில் இருப்பதாக இருவரும் நம்புவார்கள்.

மூன்றாம் நாள் இரவு ஆபரேட்டர் தரப்புப் பொறியாளர் கூப்பிட்டார். "சார், உங்க செல்லுல அப்லிங்க் நாய்ஸ் ரொம்ப ஏறியிருக்கு. காலையில இருந்து அலாரம் நிக்கல. குறைக்கலைன்னா லாக் பண்ண வேண்டியிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் உறுதி இருந்தது. அப்லிங்க் என்பது போனிலிருந்து டவருக்கு ஏறும் பாதை, நாய்ஸ் என்பது அதில் வரும் இரைச்சல். லாக் என்றால் எங்கள் கட்டடத்துக்கான ரேடியோவையே நிறுத்திவிடுவது.

காரணத்தைத் தாளில் போட்டுப் பார்த்தால் தெளிவு. எந்த ஆளும் பேசாவிட்டாலும் ஒரு ரிசோர்ஸ் பிளாக்கின், அதாவது டவர் போனுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய அலைத்துண்டின், அகலத்தில் இயற்கையான வெப்ப இரைச்சல் மைனஸ் 121 டிபிஎம். ரிமோட்டின் மின்சுற்று அதில் ஒரு 6 டிபி கூட்டும், மைனஸ் 115. பதினாறு ரிமோட்டின் இரைச்சலும் ஹெட்-எண்டில் ஒன்றாகச் சேரும்போது இன்னும் 12 டிபி, மைனஸ் 103. டவரின் ரேடியோவுக்குத் தன் சொந்த இரைச்சல் மைனஸ் 118 தான். ஏறும் சிக்னலைக் குறைக்கும் அளவு, அதாவது அப்லிங்க் அட்டென்யூவேஷன், ஆரம்ப நிலையான பூஜ்யத்திலேயே கிடந்திருக்கிறது. இறங்கும் பாதையை மணிக்கணக்கில் சரிபார்த்த நாங்கள், ஏறும் பாதையை அமைக்கவே இல்லை. அந்தத் தவறு எங்களுடையது. ஒரு காதில் பதினாறு மின்விசிறி ஓடுவது போல டவர் அந்த மூன்று நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான் வீட்டிலிருந்தே மென்பொருளில் நுழைந்து அப்லிங்கை 22 குறைத்தேன். இரைச்சல் மைனஸ் 125-ஆகி டவரின் சொந்த இரைச்சலுக்குக் கீழே போயிற்று, அலாரம் நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மதியம் கூடத்திலிருந்து புகார். "நாலு கோடு இருக்குதுங்க, அவங்க பேசுறது நல்லாக் கேக்குது. நாம பேசுறதுதான் அங்க கேக்கலையாம்." முன்பு இப்படி இல்லை. டவரே இல்லாதபோதாவது மக்கள் மேலே ஏறிப் போனார்கள். இப்போது நாலு கோட்டை நம்பி உட்கார்ந்துகொண்டு 'ஹலோ ஹலோ' என்று கத்துகிறார்கள். ஒரு அம்மா, மகளிடம் பணம் கட்டச் சொல்லி நாலு தரம் முயன்று பார்த்துவிட்டு, எழுந்து படியேறிப் போவதைப் பார்த்தேன். அவருக்கு முழங்கால் வலி போலிருக்கிறது, ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்றார்.

லினாக் சுவரின் பின்பக்க மூலையில்தான் மோசம். காதில் வைத்தால் அங்கே மைனஸ் 104. கேட்பதற்கு அது போதும். டெஸ்ட் போனில் வேறொரு எண்ணைப் பார்த்தேன், போன் எவ்வளவு பலத்தில் ஒலிபரப்புகிறது என்பது. 23 டிபிஎம்மில் ஒட்டிக்கொண்டு நின்றது. 23 என்பது போனின் உச்சம், அதற்கு மேல் அதனால் கத்த முடியாது. பக்கத்திலேயே இரண்டாவது ஆபரேட்டரின் போன், அதே மூலை, கிட்டத்தட்ட அதே சிக்னல். அது 9-இல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஆன்டெனா சரி, சுவர் சரி, தூரம் சரி. முதல் ஆபரேட்டரின் ஏறும் பாதையில் மட்டும் ஏதோ விழுங்குகிறது.

மாடியறைக்கு ஓடினேன். மென்பொருளில் 22 தான் இருக்கிறது. பேனலின் முன்பக்கம் எல்லாம் சரி. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அப்லிங்க் கேபிளுக்கும் பேனலுக்கும் நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு பேட், சிக்னலைக் குறைக்கும் சின்ன உருளை. அதன்மேல் 20 டிபி என்று பொறித்திருந்தது. எங்கள் டெக்னீஷியன் தம்பியைக் கேட்டேன். "நைட்டு அவங்க எனக்கும் கூப்பிட்டாங்கண்ணா. நான் உங்களுக்குப் போட்டேன், நீங்க எடுக்கல, அதான் நானே வந்து மாட்டிட்டேன். காலைல சொல்லணும்னு இருந்தேன்" என்றான். அவன் செய்தது தப்பு இல்லை. அந்த நேரத்துக்குப் பைக்கில் வந்து அலாரத்தை நிறுத்த நினைத்தவன். இருவரும் ஒரே நோய்க்குத் தனித்தனியாக மருந்து கொடுத்திருக்கிறோம். 22-உம் 20-உம் சேர்ந்து 42.

கணக்கு அப்படியே பொருந்தியது. மூலையில் மைனஸ் 104 என்றால் ஆன்டெனாவுக்கும் போனுக்கும் நடுவே 97 டிபி இழப்பு. போன் 23-இல் கத்தினாலும் ரிமோட்டுக்குப் போய்ச் சேர்வது மைனஸ் 74. அங்கிருந்து 42 போனால் டவருக்குக் கிடைப்பது மைனஸ் 116. டவரின் இரைச்சல் மைனஸ் 118. அந்த நூலிழையில்தான் அந்த அம்மாவின் குரல் அறுந்துகொண்டிருந்தது. பேட்டைக் கழற்றினோம். மூலைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது 23 என்ற எண் 17, 12 என்று இறங்கி 8-க்கும் 10-க்கும் நடுவே நின்றது. மாடியிலிருந்து தம்பி பேசினான், நான் மூலையில் கிசுகிசுத்தேன். கேட்கிறது என்றான்.

அன்றிலிருந்து பேனல் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். பேண்ட் வாரியாக இறங்கும் பாதையில் எவ்வளவு, ஏறும் பாதையில் எவ்வளவு, யார் எப்போது மாற்றினார்கள். ஒப்படைப்பு அறிக்கையிலும் சிக்னல் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே போனின் ஒலிபரப்புப் பலத்துக்கு ஒரு வரைபடம் சேர்க்கிறேன். சிக்னல் வரைபடம் பச்சையாக இருந்த அன்றுதான் குரல் போகவில்லை. டவர் சொல்வது போனுக்குக் கேட்பது பாதி வேலை. போன் சொல்வது டவருக்குக் கேட்பது மீதி. கோடுகளை மட்டும் பார்த்தால் அந்த மீதி தெரியவே தெரியாது.

இதே எண்ணைக் காட்டித்தான் இன்னொருவருக்கும் பதில் சொன்னேன். நோயாளி ஒருவரின் கணவர், ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள் இருக்கும் இடத்தில் கூரை முழுக்க ரேடியேஷன் பெட்டியா என்று கேட்டார். பயந்து கேட்டவருக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. உட்கார்ந்து காட்டினேன். கூரையில் இருப்பது ஒரு பேண்டுக்குக் கால் வாட், தலைக்கு மேல் மூன்று மீட்டரில். காதோடு ஒட்டி வைக்கும் போனின் உச்சம் 0.2 வாட். டவர் எட்டாத இடத்தில் போன் அந்த உச்சத்தில் கத்தும், பக்கத்தில் ஆன்டெனா இருந்தால் அதில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மைனஸ் 88 இருந்த நாற்காலியில் அவர் கையிலேயே டெஸ்ட் போனைக் கொடுத்தேன். மைனஸ் 2 காட்டியது. செல் டவர்களுக்கு நம் நாட்டில் 2012 செப்டம்பரிலிருந்து உலகப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்குதான் வரம்பு என்பதையும் சொன்னேன். தலையசைத்தார். முழுதாக நம்பினாரா தெரியாது, ஆனால் அதற்கப்புறம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

5ஜி பற்றிச் சுருக்கமாக. 2300-உம் 3300-உம் டிடிடி, ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுவதும் கேட்பதும். ரிமோட்டும் டவரும் ஒரே கணத்தில் திரும்ப வேண்டும். ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி எடுக்கும். எங்கள் 140 மீட்டர் அதில் ஒன்றுமே இல்லை, எண்ணாக்குவதற்கும் திரும்ப அலையாக்குவதற்கும் ஆகும் நேரம்தான் பெரிசு. அதை ஹெட்-எண்டே அளந்து சரிக்கட்டுகிறது. எங்களுக்கு இதில் தொந்தரவு வரவில்லை.

2024 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தரமதிப்பீடு வழங்கும் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. மருத்துவமனை கட்டும்போதே ஃபைபருக்கும் ஹெட்-எண்டுக்கும் இடம் விடும் பழக்கம் அதனால் வந்தால் நல்லது. இங்கே அந்த மாடியறை ஒரு பழைய ஸ்டோர் ரூம். ஏசி தனியாக வாங்கி மாட்டினோம், யுபிஎஸ்ஸுக்கு இடம் போதாமல் வெளி வராந்தாவில் வைத்திருக்கிறோம். மழைக்கு முன்னால் அதற்கு ஒரு கூண்டு போட வேண்டும்.

மூன்றாவது ஆபரேட்டர் போன வாரம் வந்து இடம் பார்த்துவிட்டுப் போனார். ஹெட்-எண்டில் ஒரு கார்டு சேர்த்தால் போதும், சீலிங்கைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டாம் பேஸ்மென்டிலிருந்து ஏறும் படிக்கட்டின் நடுத்தளம் இன்னும் சரியில்லை. கீழே இருக்கும் ரிமோட்டிலிருந்து வெளி டவருக்கு மாறும் இடம் அது, நடந்துகொண்டே பேசினால் பத்தில் ஓர் அழைப்பு அறுகிறது. வியாழக்கிழமை காலை, புற நோயாளிகள் கூட்டம் அதிகம் இருக்கும் நேரத்தில் போய் இருபது தடவை ஏறி இறங்கி அளப்பதாகத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.